கண்ணீர்ப்புகை விஷமா என்று கேட்ட மாணவருக்கு

நீங்கள் கேட்டது மேலுக்கு ஒரே கேள்வி மாதிரி இருக்கிறது: “போரில்கூடத் தடை செய்துவிட்ட கண்ணீர்ப்புகையைப் போலீஸ் எப்படி ஊருக்குள் வீசலாம்? அது ஆளைக் கொல்லுமா?” தென் ஆப்பிரிக்காவின் டர்பனுக்குப் படிக்க வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகிறது, போன வாரம் விடுதி வாசலில் முதல் தடவையாக அந்த நெடி ஏறியது, சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு, அடுத்த ஊர்வலத்துக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது விஷமா? சட்டம் ஏன் இதை விடுகிறது? நான் போகலாமா? மூன்றாவதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மதுரையில் படித்துவிட்டு இங்கே வந்த மருத்துவன். இருபது வருடத்துக்கு மேல் டர்பன் வட்டாரத்தில், இங்கே கேஷுவல்டி என்று சொல்லும் அவசரப் பிரிவில் வேலை பார்த்தேன். புகை பட்டு வந்தவர்களில் மாணவர்கள் உண்டு, தொழிலாளர்கள் உண்டு, ஊர்வலம் போன பக்கம் காய்கறி வாங்கப் போன பாட்டிகளும் உண்டு. போலீஸ்காரர்களும் வந்திருக்கிறார்கள், காற்று யார் பக்கம் என்று பார்ப்பதில்லையே. ஆனால் நான் வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இதை வாயு என்கிறார்கள். தமிழில் கண்ணீர்ப்புகை. தமிழ்தான் சரி. இன்று உலகம் முழுக்கப் போலீஸ் அதிகமாகப் பயன்படுத்துவது சிஎஸ் என்ற பொருள். அறை வெப்பத்தில் அது வெள்ளை நிறத் தூள். சுமார் 95 டிகிரியில்தான் உருகும். குப்பிக்குள் எரியும் மருந்தோடு கலந்து வைத்திருப்பார்கள். பற்றிக்கொண்டதும் தூள் ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டதும் மறுபடி மிக நுண்ணிய துகளாகி மிதக்கும். அந்தத் துகள்தான் நாம் பார்க்கும் புகை. இது தெரிந்தால் மற்ற பாதி தானாகப் புரியும். துகள் என்பதால் துணியில் ஒட்டும், தலைமுடியில் தங்கும், தரையில் படிந்து மறுநாள் பெருக்கும்போது எழும்பும். சிஎஸ் என்பது 1928இல் அமெரிக்காவில் அதை முதலில் உண்டாக்கிய கார்சன், ஸ்டவ்டன் என்ற இரண்டு வேதியியலாளர்களின் பெயர்களில் உள்ள முதல் எழுத்துகள். அவர்கள் கூட்டம் கலைப்பதற்காக ஒன்றும் தேடவில்லை.

மிளகாய் ஸ்ப்ரே வேறு சரக்கு. வற்றலை வறுக்கும்போது வீடு முழுக்க இருமுகிறதே, அதே காரச்சத்தைப் பிழிந்து எடுத்தது. இங்கே விக்டோரியா தெருச் சந்தையில் மாமியாரை ஒழிக்கும் மசாலா என்று வேடிக்கைப் பெயர் போட்டுக் குவித்து வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் நின்று ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள், ஒரு மாதிரி தெரிந்துவிடும். சிஎஸ் அந்த வழியில் வருவதில்லை. நரம்பு நுனியில் காரத்துக்கு ஒரு கதவு, கடுகுக்கு வேறொரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கடுகை அரைக்கும்போது மூக்கின் உச்சியில் சுருக்கென்று ஏறுமே, சிஎஸ் தட்டுவது அந்தக் கதவை. ஆனால் தட்டுகிற பலம் பல மடங்கு. உடம்புக்கு இது “இங்கிருந்து ஓடு” என்ற உத்தரவு. கண் இறுக மூடிக்கொள்ளும், மூக்கும் வாயும் ஒழுகும், நெஞ்சை யாரோ கட்டியது மாதிரி இருக்கும், வியர்த்த தோல் எரியும். நல்ல காற்றுக்கு வந்துவிட்டால் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். ஆரோக்கியமான ஆள், திறந்த வெளி, கொஞ்ச நேரம் என்ற மூன்றும் சேர்ந்தால் இவ்வளவுதான். இது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

துணியில் ஒட்டும் என்றேனே, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஜெர்சி. ஜூலை மாத இரவு, இங்கே அது குளிர்காலம். ஒரு மாணவியைக் கூட்டி வந்தார்கள். கண்ணைக் கழுவி, மூச்சு சரியாகி, அவள் சிரித்துப் பேசும் நிலைக்கு வந்தாயிற்று. தண்ணீரில் நனைந்த அவளுடைய ஜெர்சியை நர்ஸம்மா ஒருவர் பரிவோடு ஹீட்டர் மேல் காயப்போட்டார். பத்து நிமிடத்தில் வார்டே இருமியது. காலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்த தாத்தா ஒருவர் “இங்கேயும் வந்துட்டாங்களா?” என்று கேட்டார். அன்றிலிருந்து புகை பட்டு வந்தவர்களின் மேல்துணியை வாசலிலேயே கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவோம்.

சரி, கொல்லுமா? திறந்த வெளியில் புகை மட்டுமே ஆளைக் கொல்வது மிக அரிது. ஆனால் “அரிது” என்ற சொல்லுக்குப் பின்னால் நிறையச் சந்தேகம் ஒளிந்திருக்கிறது. 2017இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: 31 ஆய்வுகள், காயம்பட்டவர்கள் 5,131 பேர். அதில் 2 பேர் இறந்திருந்தார்கள், 58 பேருக்கு நிரந்தர ஊனம். எண்ணைப் பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்து, அதை ஒருவர் எழுதியும் வைத்த ஆட்களின் கணக்கு மட்டும்தான் இது. மொத்தம் எத்தனை பேர் மேல் புகை பட்டது என்பது எந்த நாட்டிலும் எண்ணப்படுவதில்லை. வகுக்க வேண்டிய எண்ணே இல்லாத கணக்கில் ஆபத்தின் அளவைச் சொல்ல முடியாது. இன்னொரு கோளாறு, பரிசோதனைகளில் பெரும்பாலானவை வாட்டசாட்டமான இளம் ராணுவ வீரர்களை வைத்து நடந்தவை. அப்படிப்பட்ட அமெரிக்க வீரர்களிடமே, பயிற்சியில் சிஎஸ் பட்ட பிறகு சளி, மூச்சுத் தொல்லைகள் அதிகமானதாக 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. உங்களைப் போல ஆஸ்துமா உள்ளவருக்கு, கைக்குழந்தைக்கு, எழுபது வயதுக்காரருக்கு எவ்வளவு பட்டால் எவ்வளவு கெடுதல் என்பதற்கு நம்பகமான அளவுகோல் இல்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் சந்தேகம் எழுந்து சிலி நாடு 2011இல் சில நாள் இதை நிறுத்தியே வைத்தது, அப்புறம் மறுபடி எடுத்தது. குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை, நீங்கவும் இல்லை. 1969இல் வட அயர்லாந்தின் டெர்ரியில் குடியிருப்புத் தெருக்களில் சிஎஸ் வீசப்பட்டபின் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஹிம்ஸ்வொர்த் குழு, இதை ஆயுதமாகப் பார்க்காமல் புது மருந்தைச் சோதிப்பது மாதிரி சோதிக்க வேண்டும் என்றது. மருத்துவனாக எனக்கு அதைவிட நியாயமான வார்த்தை தெரியவில்லை.

கொல்லும் என்று உறுதியாகத் தெரிந்த வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, குப்பியே. அதை மேல்நோக்கிச் சாய்த்துச் சுட்டு, தரையில் விழ வைக்க வேண்டும். ஆளைப் பார்த்து நேராகச் சுட்டால் அது இரும்புத் தோட்டா. மண்டை உடையும், கண் போகும். இரண்டாவது, மூடிய இடம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க்கதை.

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் 2000 மார்ச் 24. பள்ளிப் பிள்ளைகளுக்காக த்ராப் என்ற கிளப்பில் பகலில் ஒரு கொண்டாட்டம், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். உள்ளே ஒரு கண்ணீர்ப்புகைக் குப்பி வெடித்தது. போலீஸ் வீசியது இல்லை. ஊர்வலம் இல்லை, கலவரம் இல்லை. வெளியேறும் இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். நான் டர்பனுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது; ஆனால் என்னோடு வேலை பார்த்த மூத்த நர்ஸுகள் அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும், அந்தத் தெருவில் ஒரு பிள்ளையைத் தெரியும் என்பார்கள். பிறகு மண்டேலா வந்து பார்த்து, அதன் பலனாக அங்கே இளைஞர் மையம் ஒன்று எழுந்தது.

அந்தப் பிள்ளைகளின் நுரையீரலைப் புகை தின்றுவிடவில்லை. நெரிசல் சாவு எப்படி வருகிறது என்பதைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். மிதிபட்டுச் சாவதைவிட நின்றவாக்கிலேயே மூச்சுவிட முடியாமல் போவதுதான் அதிகம். மூச்சு இழுக்க வேண்டுமென்றால் விலாக்கூடு விரிய இடம் வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் அழுத்தும்போது அந்த இரண்டு அங்குலம் கிடைப்பதில்லை. சில நிமிடங்கள் போதும். இதில் புகை செய்கிற வேலை, எல்லாரையும் ஒரே நொடியில் குருடாக்கி, ஒரே வாசலை நோக்கித் தள்ளுவது. முன்னால் இருப்பவர் விழுந்தது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் கண்ணைத் திறக்க முடியாது. 1964இல் பெருவின் லிமா மைதானத்தில் 328 பேர். படிக்கட்டின் அடியில் கதவுகள் மூடிக் கிடந்தன. 2001இல் கானாவின் அக்ரா மைதானத்தில் 120க்கும் மேல். 2022இல் இந்தோனேசியாவின் மலாங் பகுதி மைதானத்தில் 135 பேர். மூன்றிலும் கால்பந்து ஆட்டம் முடிகிற நேரம், போலீஸ் வீசிய புகை, போதாத வாசல். 2013இல் எகிப்தில் கைதிகள் இருந்த வண்டிக்குள் வீசியதில் 37 பேர் இறந்தார்கள். உலகக் கால்பந்துச் சங்கத்தின் விதிகள் மைதானத்துக்குள் இந்தப் புகையே கூடாது என்று எப்போதிருந்தோ சொல்கின்றன.

அதனால் யாராவது “கண்ணீர்ப்புகை வீசினார்கள்” என்று சொன்னால் நான் முதலில் என்ன புகை, எத்தனை குப்பி என்று கேட்பதில்லை. ஓடுவதற்கு வழி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்பேன். போ என்று சொல்லும் கருவி இது. போக இடமில்லாதவனிடம் போ என்றால் அது தண்டனை.

இப்போது போர் விஷயம். நீங்கள் சொன்னது உண்மைதான். 1993இல் கையெழுத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத ஒப்பந்தம், கலவரத்தை அடக்கும் பொருள்களைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குக்குப் பயன்படுத்தலாம் என்றும் அதுவே விடுகிறது. தென் ஆப்பிரிக்காவும் அதில் சேர்ந்த நாடு. “எதிரி மேல் கூடாது, சொந்த மக்கள் மேல் கூடுமா?” என்று கேட்டால் கோபம் வருவது இயற்கை. ஆனால் தடைக்குக் காரணம் இது கொடிய விஷம் என்பது இல்லை. போர்க்களத்தில் எதிரிப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தால், அது வெறும் கண்ணெரிச்சலா உயிர்கொல்லியா என்று நின்று சோதிக்க எந்தத் தளபதிக்கும் நேரம் இருக்காது. தன்னிடம் உள்ள மோசமானதை எடுத்து வீசுவான். முதல் உலகப் போரில் 1914இல் பிரெஞ்சுப் படை கண்ணீர்ப்புகையில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்டார்கள். இரண்டாவது காரணம், வியட்நாமில் அமெரிக்கப் படை செய்தது மாதிரி, பதுங்குகுழியிலிருந்து ஆளைப் புகைபோட்டு வெளியே வரவைத்துச் சுடலாம். நகரத் தெருவில் இந்த இரண்டு பயமும் இல்லை என்பது ஒப்பந்தம் எழுதியவர்களின் வாதம். ஊருக்குள் இது நல்லது என்று அவர்கள் சான்றிதழ் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நாட்டின் பழைய நிறவெறி அரசு ப்ராஜெக்ட் கோஸ்ட் என்ற ரகசியத் திட்டத்தில் சிஎஸ்ஸைவிடக் கடுமையான சிஆர் என்ற பொருளைத் தயாரித்ததும் கூட்டத்தை அடக்கவே என்ற பெயரில்தான்; நிறவெறிக் கால அத்துமீறல்களை விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் 1998இல் நடந்த விசாரணையில் இதெல்லாம் வெளியே வந்தது.

இந்த நாட்டுச் சட்டத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு. ஆயுதமில்லாமல், அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தரும் உரிமை. 1993இன் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கலைக்க வேண்டிய நிலை வந்தால் வாரன்ட் ஆபீசர் பதவிக்குக் குறையாத ஒருவர் குறைந்தது இரண்டு ஆட்சிமொழிகளில், முடிந்தால் அங்கே இருப்பவர்களுக்குப் புரிகிற மொழியிலும், கலைந்து போகச் சொல்ல வேண்டும். போவதற்கு நியாயமான நேரம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பலம், அதுவும் தேவைக்கு மேல் இல்லாமல். உங்கள் விடுதி வாசலில் ஒலிபெருக்கியில் யாராவது ஏதாவது சொன்னார்களா, எத்தனை நிமிடம் விட்டார்கள் என்று நண்பர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். புகார் என்று போனால் எடுபடுவது அதுதான்.

இந்தக் கருவி கூட்டத்தைக் கலைக்கிறதா என்றால், கலைக்கும். தோட்டாவைவிட மேலா என்றால், சந்தேகமே இல்லாமல் மேல். இங்கே துப்பாக்கிக் காயங்களைத் தைத்தவன் நான்; கண்ணெரிச்சலோடு வருகிற ஆளைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் இது இருக்கும் இடத்தில் தோட்டா வராது என்று நம்பிவிடாதீர்கள். 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பிள்ளைகள் மேல் முதலில் வந்தது புகை, பின்னால் வந்தது துப்பாக்கிச் சூடு. 2012இல் மரிகானா சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது எல்லாருக்கும் தெரியும். அதற்கு மூன்று நாள் முன்னால், ஆகஸ்ட் 13 அன்று, நடந்து போய்க்கொண்டிருந்த வேலைநிறுத்தக்காரர்கள் மேல் புகையும் அதிர்ச்சிக் குண்டும் வீசியதும் மோதல் மூண்டு, இரண்டு போலீஸ்காரர்களும் மூன்று தொழிலாளர்களும் செத்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். அமைதியாகக் கலைந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் ஒரு குப்பி விழுந்தால், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தவனும் திரும்பிக் கல்லெடுப்பான்.

புகையில் மாட்டிக்கொண்டால் காற்று வரும் திசையைப் பார்த்து, அதை எதிர்த்தோ பக்கவாட்டிலோ நகருங்கள். டர்பனில் காற்று பெரும்பாலும் வடகிழக்கு அல்லது தென்மேற்கு. கிளம்பும்போதே எது என்று பார்த்துவிடலாம். இந்தப் புகை காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். தீவிபத்தில் சொல்வது மாதிரி குனிந்து தரையோடு போகாதீர்கள், மேட்டுப்பக்கம் ஏறுங்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அவர்களின் மூக்கு இருக்கும் உயரத்தில்தான் புகை அடர்த்தி. கண்ணைக் கசக்கக் கூடாது. நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பால், எலுமிச்சை, வினிகர், பற்பசை என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். மிளகாய் ஸ்ப்ரேயை வைத்துப் பால், பேபி ஷாம்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒப்பிட்ட ஒரு சோதனையில் எதற்கும் தனி மவுசு தெரியவில்லை. நம்மவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: தேங்காய் எண்ணெய். “முகத்தில் தடவிக்கொண்டு போனால் எரியாது” என்று அம்மா சொன்னதாக ஒரு பையன் பளபளவென்று வந்தான். எண்ணெய் அந்தத் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவனுக்குத்தான் அன்று எரிச்சல் நெடுநேரம் தணியவில்லை. அறைக்கு வந்ததும் சுடுதண்ணீரில் குளிக்காதீர்கள், முடியில் உள்ளது கரைந்து கண்ணுக்கு வரும். துணியைத் தலைவழியாக உருவாமல், முடிந்தால் வெட்டிக் கழற்றுங்கள். உருளும் குப்பியைக் கையால் எடுப்பது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். உள்ளங்கை வெந்துபோய் வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் போகலாம், போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கடந்த நான்கு வாரத்தில் இரவில் இருமி எழுந்திருக்கிறீர்களா, வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீல பம்ப், அதாவது மூச்சு முட்டும்போது இழுக்கும் இன்ஹேலர், தேவைப்படுகிறதா? ஆம் என்றால் உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. இந்தத் தடவை விடுங்கள், முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இல்லை என்றால், கரீஸ் ஃபவுண்டனிலிருந்து சிட்டி ஹால் வரை போகும் ஊர்வலம் மாதிரி அகலமான தெரு, பல சந்துகள், அனுமதி பெற்ற பாதை என்றால் ஓரமாக நடக்கலாம், நடுவில் வேண்டாம். பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள், விடுதித் தாழ்வாரத்தில் உட்காரும் போராட்டம் என்றால் நான் உங்கள் அப்பாவாக இருந்தால் விடமாட்டேன். புகை பட்டு, பம்ப் அடித்தும் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்றால் அடங்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே கேஷுவல்டிக்கு வாருங்கள். அரை மணிக் கணக்கெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. பம்ப் முதுகுப்பைக்குள் இருக்கக் கூடாது, கண் மூடிய நிலையில் ஜிப்பைத் தேட முடியாது; சட்டைப்பையில் வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் அன்றைக்கு அதை அறையிலேயே விட்டுவிட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போங்கள்.